அரை அங்குலத்தின் அருமை

பழைய சைக்கிளைப் பார்த்தால் ரசிகர்களின் கண் ஆளுக்கொரு இடத்துக்குப் போகும். சிலர் முன்பக்கத்தில் பதித்திருக்கும் கம்பெனி முத்திரையைத் தேடுவார்கள். சிலர் செயின் வீலில் வெட்டியிருக்கும் வேலைப்பாட்டைக் குனிந்து பார்ப்பார்கள். தோல் சீட்டைத் தடவிப் பார்த்தே வண்டியின் வயதைச் சொல்பவர்களும் உண்டு. என் கண் போவது ஹேண்டிலின் நடுவில் தெரியும் ஒற்றை போல்ட்டுக்கு. அதன் ஆறு முனைகளும் ஸ்பேனர் பட்டுப் பளபளக்கின்றனவா, கடையிலிருந்து வந்த நாள் முதல் யாரும் தொடாமல் துருவேறிக் கிடக்கின்றனவா என்று பார்ப்பேன். பளபளத்தால், யாரோ ஒருவர் அந்த வண்டியைத் தன் உடம்புக்குப் பொருத்திக்கொண்டு ஓட்டியிருக்கிறார். துருவேறியிருந்தால், வண்டி கொடுத்த உயரத்துக்குத் தன் முதுகை வளைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

சைக்கிளில் நம் உடம்பு தொடும் இடங்கள் மூன்று: பெடல், சீட், ஹேண்டில். பெடலின் இடம் மாறாது. சீட்டை ஏற்றி இறக்க எல்லோருக்கும் தெரியும். அண்ணன் வண்டியைத் தம்பி எடுத்தால் முதலில் அதைத்தான் இறக்குவான். ஹேண்டிலும் ஏறும், இறங்கும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பாதிப் பேர் அதில் கைவைக்கத் தயங்குவார்கள். சைக்கிள் என்றால் தோள்பட்டை வலிக்கத்தான் செய்யும், உள்ளங்கை மரத்துத்தான் போகும் என்று நம்பி வாழ்நாள் முழுக்க மிதித்தவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சுகமான சவாரிக்கும் நடுவே இருந்தது அரை அங்குலம்தான். அந்த அரை அங்குலத்தைத் தருவதற்காகவே பழைய சைக்கிளின் கழுத்துக்குள் ஒரு வேலைப்பாடு ஒளிந்திருக்கிறது. மனிதர்கள் செய்த எந்திரங்களில் இத்தனை எளிமையும் இத்தனை புத்தியும் ஒன்றாகக் கூடியவை சிலவே. இது அவற்றில் ஒன்று என்பது என் துணிபு.

நான் சொல்லும் சைக்கிள் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கறுப்புச் சட்டம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், பின்னோக்கி வளைந்த அகல ஹேண்டில். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ராலே கம்பெனியும் அதன் போட்டியாளர்களும் செம்மைப்படுத்திய வடிவம் அது. 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாக, சென்னை அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் என்ற பெயரில் அது தமிழ்நாட்டுத் தெருக்களுக்கு வந்தது. சோனிபட்டிலிருந்து அட்லஸ், லூதியானாவிலிருந்து ஹீரோ, சீனாவின் தியான்ஜினில் 1950 முதல் ஃப்ளையிங் பிஜன் என்று உலகத்தின் பாதி உழைப்பாளிகளைச் சுமந்தது இந்த ஒரே வடிவம்தான். பெயரும் வர்ணமும் மாறின. கழுத்துக்குள் இருந்த சூட்சுமம் மாறவில்லை.

அந்தக் கழுத்தைக் கழற்றிப் பார்ப்போம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் மேல்குழல், சட்டத்தின் தலைப்பகுதிக்குள் நுழைந்து மேலே வருகிறது. மேலும் கீழும் பேரிங் கப்புகள். இந்தக் குழலுக்கு உள்ளே ஹேண்டிலின் தண்டு இறங்குகிறது. தண்டின் விட்டம் அங்குலக் கணக்கில் எட்டில் ஏழு, அதாவது 22.2 மி.மீ. பழைய பிரெஞ்சு சைக்கிள்களில் இது 22 மி.மீ. அந்த 0.2 மி.மீ. வித்தியாசத்துக்கே நம் தண்டு பிரெஞ்சு வண்டிக்குள் இறங்க மறுக்கும். எவ்வளவு நெருக்கமான பொருத்தம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தண்டின் அடிமுனையில் நீளவாக்கில் பிளவுகள் இருக்கும். அடியில் கோன் வடிவத்தில் ஓர் இரும்புத் துண்டு. மேலே ஹேண்டிலின் நடுவில் தெரிகிற போல்ட், தண்டின் உள்ளே முழு நீளத்துக்கும் இறங்கி, இந்தக் கோனின் மரையில் பிடித்திருக்கும். போல்ட்டை முடுக்கினால் கோன் மேலேறி, பிளவுபட்ட முனையை விரிக்கும். விரிந்த முனை ஃபோர்க் குழலின் உள்சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மண்வெட்டிக் கணை ஆடாமல் இருக்க அடிக்கிற ஆப்பின் தத்துவமேதான். அங்கே மேலிருந்து அடிக்கிறோம், இங்கே அடியிலிருந்து இழுக்கிறோம். போல்ட்டைத் திருகும்போது கோனும் சேர்ந்து சுற்றிவிட்டால் இறுக்கமே வராது. அதற்காகக் கோனின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு மூக்கு வைத்திருப்பார்கள். அது தண்டின் பிளவில் போய் உட்கார்ந்துகொண்டு கோனைச் சுற்றவிடாது. வெளியே யாருக்கும் தெரியாத இடத்தில் இருக்கும் இந்த மூக்கை முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. பிற்பாடு வந்த வண்டிகளில் தண்டின் அடியைச் சாய்வாக வெட்டி, அதே சாய்வில் ஓர் ஆப்பை வைத்தார்கள். போல்ட்டை முடுக்கினால் ஆப்பு பக்கவாட்டில் சறுக்கிச் சுவரை அழுத்தும். இரண்டும் நல்ல முறைகளே. கோன் எல்லாப் பக்கமும் சமமாகப் பிடிக்கும். சாய்வு ஆப்பில் பிளவே கிடையாது என்பதால் விரிசல் விழும் பயம் குறைவு.

இதில் நான் வியக்கும் விஷயம் இன்னொன்று. ஹேண்டில் சுழலுவதற்கான பேரிங்குக்கும், ஹேண்டிலின் உயரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பேரிங்கின் இறுக்கத்தைத் தலைப்பகுதியின் நட்டு கவனித்துக்கொள்கிறது. உயரத்தை நடு போல்ட் கவனித்துக்கொள்கிறது. ஒன்றைத் தொட்டால் மற்றது கெடாது. ஒரு மி.மீ. ஏற்ற வேண்டுமா, ஏற்றலாம். நாளைக்குப் பிடிக்கவில்லையா, இறக்கலாம். எதையும் வெட்ட வேண்டாம், புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

இனி அதை ஏற்றும் வேலை. கைதேர்ந்த மெக்கானிக் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் போல்ட்டை இடப்பக்கமாக நாலைந்து சுற்று தளர்த்துவார். முழுக்கக் கழற்ற மாட்டார். கழற்றினால் கோன் மரையிலிருந்து விடுபட்டுக் குழலுக்குள் தங்கிவிடும். போல்ட்டின் தலை ஹேண்டிலுக்கு மேலே கொஞ்சம் எழும்பி நிற்கும். இந்த நிலையிலும் ஹேண்டில் அசையாது. புதிதாகக் கைவைப்பவர்கள் இங்கேதான் குழம்பிப்போய் ஹேண்டிலைப் பிடித்து உலுக்குவார்கள். போல்ட் தளர்ந்துவிட்டது, அடியில் கோன் இன்னும் பிளவுக்குள் இறுகிக் கிடக்கிறது. மெக்கானிக் போல்ட்டின் தலைமேல் ஒரு மரக்கட்டையை வைத்து, சுத்தியலால் நிதானமாக ஒரு போடு போடுவார். மரக்கட்டை இல்லாமல் நேராக அடித்தால் போல்ட்டின் தலையும் மரையும் நசுங்கும். முதல் அடிக்கு வண்டி முழுக்க அதிரும், சத்தம் கெட்டியாக இருக்கும். அடுத்த அடியிலோ அதற்கடுத்ததிலோ சத்தம் சட்டென்று மாறும். அடிவயிற்றில் ஏதோ விடுபட்டதைச் சொல்லும் மொத்தையான ஓசை. போல்ட் பழையபடி கீழே இறங்கிவிடும். காதுக்குத் தெரிந்துவிட்டது, கோன் இறங்கிவிட்டது. அந்த ஓசைக்குப் பிறகு அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பியபடியே மேலே தூக்குவார். வழவழவென்று தண்டு எழும்பி வரும்.

கம்பி பிரேக் வண்டியில் இதற்கு முன்னாலேயே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஒயர் பிரேக்கில் ஒயருக்குக் கொஞ்சம் தளர்ச்சி இருக்கும். ஹேண்டில் சற்று ஏறினாலும் தாங்கிக்கொள்ளும். கம்பிக்கு அந்தச் சலுகை கிடையாது. பிடியை அழுத்தினால் கம்பி மேலே இழுபடும். பிரேக் கட்டைகள் ரிம்மின் உள்முகத்தில் போய்ப் பிடிக்கும். ஹேண்டிலை ஓர் அங்குலம் ஏற்றினால் கம்பிகளும் ஓர் அங்குலம் மேலே போகும்; யாரும் பிடியைத் தொடாமலேயே இரண்டு சக்கரங்களும் பிரேக்கில் நின்றுவிடும். அதனால் கம்பிகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களிலுள்ள சின்ன நட்டுகளை முன்கூட்டியே தளர்த்திவைத்து, ஹேண்டில் புது உயரத்தில் உட்கார்ந்த பிறகு, கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி விட்டு மறுபடி முடுக்க வேண்டும். முன்பிரேக் ஒரு கணக்கு, பின்பிரேக் இன்னொரு கணக்கு. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, எங்கேயாவது உரசுகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்பார்கள். ஹேண்டில் ஏற்றக் கேட்டால் மெக்கானிக்குகள் முகம் சுளிப்பதற்கு இந்த வேலைதான் காரணம். அதைச் சுளிக்காமல் செய்பவர் கையில் உங்கள் வண்டியை நம்பிக் கொடுக்கலாம்.

எவ்வளவு ஏற்றலாம்? இதற்கு எல்லை உண்டு, அந்த எல்லையை மீறக் கூடாது. பிற்கால வண்டிகளின் தண்டில் குறுக்குக் கோடுகள் பொறித்திருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரிந்தால் ஏற்றியது அதிகம். இப்போதைய சர்வதேசத் தரவிதி, இந்தக் கோடு தண்டின் அடியிலிருந்து அதன் விட்டத்தைப் போல் குறைந்தது இரண்டரை மடங்கு மேலே இருக்க வேண்டும் என்கிறது. 22.2 மி.மீ. தண்டுக்கு அது 55.5 மி.மீ. கோடே இல்லாத பழைய தண்டுக்கு நான் முழுதாக இரண்டரை அங்குலம் உள்ளே விட்டுவைப்பேன். இப்படி ஆழமாக விடுவதற்குக் காரணம் உண்டு. ஃபோர்க் குழலின் உச்சியில் வெளிப்புறம் மரை வெட்டியிருப்பதால் அந்தப் பகுதியின் சுவர் மெலிந்திருக்கும். கோன் விரிந்து அழுத்துமிடம் மரைக்குக் கீழே, கெட்டியான சுவரில் இருக்க வேண்டும். மெலிந்த இடத்தில் அழுத்தினால் குழல் பிதுங்கும், ஒரு நாள் விரிசல் விடும்.

உயரம் மாறும்போது தூரமும் மாறுகிறது என்பது இந்தக் கலையின் அழகான ரகசியம். சைக்கிளின் கழுத்து நேர்குத்தாக நிற்பதில்லை. ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பழைய ரோட்ஸ்டர் வண்டிகளில் சாய்வு அதிகம். தரையிலிருந்து 67 டிகிரி என்று வைத்துக்கொண்டால், தண்டை ஓர் அங்குலம் வெளியே இழுக்கும்போது ஹேண்டில் ஏறக்குறைய ஒரு செ.மீ. நம் பக்கம் நகர்ந்து வரும். ஏற்றுவது ஒன்று, கிடைப்பது இரண்டு. முதுகு நிமிர்கிறது, கையும் எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு ஹேண்டிலை ஏற்றிக் கொடுத்ததும், வண்டியே சிறியதாகிவிட்டது என்று அவர்கள் மலர்ந்து சொல்வது இதனால்தான்.

யாருக்கு எந்த உயரம் என்பதற்குச் சூத்திரம் கிடையாது, வரிசை உண்டு. முதலில் சீட். குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்கு மிதித்தால் முழங்கால் நேராக வேண்டும். அது சரியான பிறகுதான் ஹேண்டில். நல்ல மெக்கானிக் டேப்பைத் தேட மாட்டார். "சார், ஏறி உக்காருங்க. கையை வைங்க. தோளை இறக்குங்க" என்பார். தோளை இறக்கச் சொன்ன பிறகும் அது காதை நோக்கி ஏறியே நின்றால் ஹேண்டில் அதிக உயரம். முழங்கை மடங்காமல் விறைத்து நின்றால் ஹேண்டில் தாழ்வு. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறது என்பவருக்கு உடம்பின் பாரம் கையில் இறங்குகிறது. அவருக்கு ஏற்றிக் கொடுக்க வேண்டும். அளவுக்கு மீறி ஏற்றினால் பாரம் முழுவதும் சீட்டுக்கு வந்து, குழியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் இடுப்பில் அடிக்கும். அகலமான ஸ்பிரிங் சீட்டும் உயர்ந்த ஹேண்டிலும் ஒரே வண்டியில் சேர்ந்து வந்தது தற்செயல் இல்லை. பின்னோக்கி வளைந்த ஹேண்டிலுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. சந்தில் ஒடித்துத் திரும்பும்போது பிடி முழங்காலில் இடிக்கக் கூடாது. எவ்வளவு தாழ்த்தலாம் என்பதை முழங்கால் முடிவு செய்யும்.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டது தமிழ்நாடு மறக்காத வரலாறு. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார், பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை நாடறிய எழுதினார். பெண்களுக்கான சைக்கிள்கள் போதுமான அளவு கிடைக்காதபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். குறுக்கு பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்து ஆண்கள் சைக்கிளின் சட்டத்தை யாருக்காகவும் குறைக்க முடியாது. உயரமான ஆணை மனத்தில் வைத்து வார்த்த இரும்பு அது. அதில் இன்னொரு உடம்புக்கு இடம் விட்டுக்கொடுக்கக்கூடியவை சீட்டின் போல்ட்டும் ஹேண்டிலின் போல்ட்டும்தான். ஒரே வண்டியில் அப்பாவும் மகளும் மாறி மாறிப் போகிற வீட்டில் இந்த இரண்டு போல்ட்டுகளுக்கும் உள்ள மதிப்பு தனி.

எல்லாம் சரியான பின் முடுக்கும் வேலை. ரசிகனின் கண் இங்கேதான் கூர்மையாக வேண்டும். முதலில் தண்டு, கோன், போல்ட்டின் மரை மூன்றிலும் கிரீஸ் தடவ வேண்டும். கிரீஸ் இருந்தால் வழுக்காதா என்று கேட்பார்கள். வழுக்காது, பிடிப்பது கோனின் அழுத்தம். கிரீஸ் இல்லாமல் விட்டால் மழைத்தண்ணீர் இறங்கி, தண்டும் குழலும் துருவால் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றி நாள்கணக்கில் ஊறவைத்தாலும் அசையுமா என்பது வண்டியின் அதிர்ஷ்டம். அடுத்து, முன்சக்கரத்தை முழங்கால்களால் பிடித்துக்கொண்டு, மேலிருந்து பார்த்து ஹேண்டிலின் நீளம் முன்சக்கர அச்சுக்கு இணையாக இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஒரு டிகிரி கோணினாலும் ஓட்டுபவரின் கை சொல்லிவிடும்.

முடுக்கும் அளவுதான் இந்தக் கைவேலையின் உச்சம். சாலையில் போகும்போது, குழியில் விழுந்து எழும்போது, ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது ஹேண்டில் இம்மியும் அசையக் கூடாது. அதற்காக முழுப் பலத்தையும் போட்டு முடுக்கினால் குழல் உள்ளிருந்து பிதுங்கும், தண்டின் பிளவில் கீறல் விழும். சக்கரத்தை இடுக்கிக்கொண்டு கைகளால் ஓங்கித் திருப்பினால் நன்றாக எதிர்த்து நிற்க வேண்டும். வண்டி கீழே விழுகிற வேகத்தில் அடிபட்டால் மட்டும் சற்றுத் திரும்பிக்கொடுக்க வேண்டும். அப்படித் திரும்பிக்கொடுத்தால் ஹேண்டிலும் ஃபோர்க்கும் வளையாமல் தப்பும்; எழுந்து, சக்கரத்தை இடுக்கி, நேராக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். விட்டுக்கொடுக்கத் தெரிந்த உறுதி அது. எந்த அளவில் நிறுத்துவது என்பதை ஸ்பேனர் சொல்லாது, மணிக்கட்டுதான் சொல்லும்.

1990களிலிருந்து விலையுயர்ந்த சைக்கிள்களில் இந்த ஏற்பாடு மறைந்துவிட்டது. ஃபோர்க் குழலையே மேலே நீட்டி, ஹேண்டிலை அதன் வெளிப்புறத்தில் கவ்வவைத்தார்கள். எடை குறைந்தது, விறைப்பு கூடியது. பந்தயக்காரர்களுக்கு அது லாபம். ஆனால் குழலை ஒருமுறை வெட்டிவிட்டால் உயரம் ஏறக்குறைய முடிவாகிவிடும். பிறகு அடியில் இருக்கும் வளையங்களை மாற்றிப் போடும் அளவுக்குத்தான் சலுகை. இந்த இழப்பை உணர்ந்தவர்கள் மேற்கிலும் இருந்தார்கள். அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் சைக்கிள் கடையில் வேலை பார்த்தபடியே உலகத்துக்குச் சைக்கிள் நுட்பம் சொல்லிக்கொடுத்த ஷெல்டன் பிரவுன், 2008இல் மறையும் வரை பழைய தண்டுகளின் பராமரிப்பை விளக்கிவந்தார். கலிபோர்னியாவில் 1994இல் ரிவெண்டெல் கம்பெனியைத் தொடங்கிய கிராண்ட் பீட்டர்சன், பந்தயக்காரரின் குனிந்த உட்காரலைச் சாதாரண மக்கள் தலையில் கட்டாதீர்கள், ஹேண்டிலைச் சீட்டின் உயரத்துக்காவது ஏற்றுங்கள் என்று விடாமல் வாதாடிவருபவர். ஜப்பானின் நிட்டோ கம்பெனி செய்யும் நெட்டைத் தண்டுகளுக்கு உலகெங்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காசு கொடுத்துத் தேடிப் பிடிக்கிற வசதி, நம் வீட்டுத் திண்ணையில் சாத்தியிருக்கும் தாத்தாவின் வண்டிக்குள் இருக்கிறது.

அந்த வண்டியை இந்த வாரம் வெளியே எடுங்கள். நடு போல்ட்டைச் சுற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் தெருமுனைச் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய், "அண்ணே, ஹேண்டிலை அரை அங்குலம் ஏத்தணும், கிரீஸ் போட்டு மாட்டுங்க" என்று கேளுங்கள். பக்கத்தில் நின்று வேலையைப் பாருங்கள். அவர் கேட்கும் கூலிக்குப் பேரம் பேசாதீர்கள். இந்த வேலையைக் கையின் கணக்கில் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள்.